முன்சக்கர பேரிங்கும் கிரீஸும்: கேள்வி பதில்

பிக்கப் வண்டிகளின் முன் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்) உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு டேப்பர் பேரிங்குகள் (சரிவான உருளைகள் கொண்டவை) உள்ள வகைக்கு மட்டுமே இந்தப் பதில்கள் பொருந்தும்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து கேரட் ஏற்றி இறங்குகிறேன். அடிவாரம் வரும்போது ஹப்பில் கை வைக்க முடியவில்லை. மூடியோரம் கிரீஸ் உருகி வழிகிறது. பேரிங் போய்விட்டதா?

முதலில் இரண்டு பக்க ஹப்புகளின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் சுட்டால் அது பிரேக்கின் சூடு. மலையிறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அந்த வெப்பம் நேராக ஹப்புக்குத்தான் போகும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பேரிங் இறுக்கமாக இருக்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டிப் பாருங்கள். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு பேரிங்கில், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் போன்ற வேறு இடத்தில்.

கிரீஸ் உருகுவதற்கு அதன் வகையும் காரணமாக இருக்கலாம். சேஸிஸுக்கு அடிக்கும் சாதாரண கால்சியம் கிரீஸ் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸோ 250 டிகிரியைத் தாண்டியும் உருகிச் சொட்டாது. என்.எல்.ஜி.ஐ. 2 தரத்தில் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) அதை வாங்குங்கள். பழைய கிரீஸின் மேலேயே புதியதைப் பூசாதீர்கள். வேறு வேறு வகைகள் ஒன்றுகலந்தால் இரண்டும் கெட்டு இளகிவிடக்கூடும். மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே புதியதை வையுங்கள்.

கேள்வி: கழுவிய பேரிங்கைக் கம்ப்ரஸர் காற்றால் சுழலவிட்டு உலர்த்துகிறோம். தவறா?

பெரிய தவறு. எண்ணெயே இல்லாத உருளைகள் அந்த வேகத்தில் சுழன்றால் பரப்பு தேய்ந்துவிடும். உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து உருளை தெறித்தால் கண் போய்விடும். பேரிங்கைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள்.

கேள்வி: ஹப்பை அச்சில் பிடித்து நிறுத்தும் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

நான் பிரித்துப் பார்த்த பேரிங்குகளில் கிரீஸ் வற்றிக் கெட்டவற்றைவிட நட்டை அதிகமாக இறுக்கிக் கெடுத்தவையே மிகுதி என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஸ்பேனரால் மிதமாக இறுக்குங்கள். கோன்கள் (உருளைகளோடு கூடிய உள்வளையங்கள்) கப்புகளில் (ஹப்பில் பதிந்திருக்கும் வெளிவளையங்களில்) சரியாகப் படிவதற்காக மட்டுமே இந்த இறுக்கம். பிறகு நட்டை முழுவதும் தளர்த்தி, விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் மறுபடி திருகுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிலிட் பின்னின் துளை நேராக வராவிட்டால் அடுத்த பள்ளத்துக்கு நட்டைத் தளர்த்த வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது. ஹப்பை அச்சின் நீளவாக்கில் உள்ளும் வெளியுமாக அசைத்தால் 0.03 முதல் 0.12 மில்லிமீட்டர் வரை அசைவு இருக்கலாம். ஓட்டத்தில் சூடேறி விரியும் உலோகத்துக்கு அந்த இடைவெளி தேவை. சில வண்டிகளுக்குக் குறிப்பிட்ட இறுக்கத்தைக் கையேட்டிலேயே கொடுத்திருப்பார்கள்; அங்கே கையேடு சொல்வதே சரி. ஸ்பிலிட் பின் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் மாற்றுவது?

கையேட்டில் உள்ளபடி. அதில் இல்லாவிட்டால் 40,000 கிலோமீட்டரை நான் எல்லையாகக் கொள்கிறேன். பிரேக் வேலைக்காக ஹப் கழன்றால் அதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன்.

கேள்வி: ஹப் முழுவதும் கிரீஸை அடைத்துவிட்டால் பல வருடம் தாங்கும் என்று எங்கள் ஊர் மேஸ்திரி சொல்கிறார். சரிதானே?

சரியில்லை. கிரீஸ் பேரிங்குக்குள் இருக்க வேண்டும். உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுங்கள். குறுகிய பக்கத்தில் உருளைகளுக்கிடையே கிரீஸ் வெளிவந்தால் நிரம்பிவிட்டது என்று பொருள். ஹப்பின் நடுக்குழியில் கப்புகளின் மட்டத்துக்கு ஒரு வளையமாகப் பூசினால் போதும். முழுவதும் அடைத்த கிரீஸ் சூட்டில் விரிந்து, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனர் மேல் போய்விழும்.

மறுகேள்வி: அவர் 30 வருடமாக அப்படித்தான் அடைக்கிறார். ஒரு வண்டியும் நின்றதில்லை. காலியாக விட்டால் தண்ணீர் புகாதா?

அவருடைய அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அவர் கைக்கு வருபவை பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லர்களாக இருந்தால் அவர் சொல்வது பொருந்தவும் செய்யும். மெல்ல ஓடி, சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் சக்கரத்துக்கு நிறைந்த ஹப் நல்ல காவல். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பாரத்தோடு ஓடும் பிக்கப்பின் நிலை வேறு. அங்கே தண்ணீரைத் தடுக்க வேண்டியது சீல். துருப் பிடிக்காமல் இருக்க ஹப்பின் உட்சுவரில் மெல்லிய பூச்சு போதுமானது.

மறுகேள்வி: நான் ராமேஸ்வரத்தில் மீன் ஏற்றுகிறேன். கரையில் உப்புத் தண்ணீரில் நிற்கும் என் வண்டிக்கும் அதே பதிலா?

அதே பதில்தான். ஆனால் உங்களுக்கு 40,000 என்ற கணக்கு ஆகாது. சக்கரம் தண்ணீரில் முழுகியிருந்தால் அந்த வாரமே மூடியைக் கழற்றிப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்த கிரீஸ் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது; அன்றே முழுவதும் கழுவிப் புதிய சீல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் வண்டிக்கு எத்தனை கிலோமீட்டரில் கிரீஸ் வைக்க வேண்டும்?

மேலே எழுதியிருக்கிறேன். இதையே இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். அனைவருக்கும் அதுவே பதில்.

கேள்வி: பின்சக்கரத்தில் உறுமல் கேட்கிறது.

பல பிக்கப்களில் பின் பேரிங்கின் அமைப்பே வேறு. இந்த முறையை அதில் செய்து பார்க்காமல் ஆக்சில் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கோன் மட்டும் நீலம் பாரித்துவிட்டது. கப் பளபளப்பாக இருக்கிறது. கோனை மட்டும் மாற்றலாமா?

கூடாது. நீலம் என்றால் அது கடும் சூடு கண்டிருக்கிறது. அதே சூட்டில்தான் கப்பும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய கப்பைப் பித்தளைக் கம்பியால் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் தட்டும் ஒலி மாறும். ஒலி மாறும் முன் நிறுத்திவிட்டால் ஓட்டத்தில் கப் மேலும் உள்ளே இறங்கி, சக்கரத்தில் மறுபடி ஆட்டம் வந்துவிடும். மாற்றிய பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி இரண்டு ஹப்புகளையும் தொட்டுப் பாருங்கள். மாற்றிய பக்கம் மட்டும் சுட்டால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல், நட்டைத் தளர்த்தி முதலிலிருந்து வையுங்கள்.