ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் டெங்கி முற்றுகிறதே, மரபணுதான் காரணமா?

கேட்டவர் சொன்னது இது: ஒரே வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே கொசு. அண்ணன் ஐ.சி.யூ. வரை போய்த் திரும்பினார். தம்பிக்கு உடம்பு சூடுகூட ஏறவில்லை. "அவன் அம்மா வழி ரத்தம், அதான் தாங்கிட்டான்" என்கிறார் பாட்டி. பாட்டி சொல்வதில் அறிவியல் உண்டா, தம்பிக்கு இனி டெங்கி வராது என்று நம்பலாமா?

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக் லேப்பில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலை. மழை விட்டுக் கொஞ்ச நாள் போனால் போதும், தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகள்) செம்பனைக்கு நடுவே இன்னும் ஆள் இருக்கிற தோட்டத்து வீடுகளிலிருந்தும் காய்ச்சல்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாட்டி சொன்ன அதே வசனத்தைத் தமிழிலும் மலாயிலும் கேட்டுக்கொண்டுதான் ஊசி குத்துகிறேன். அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போய்ப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாட்டி சொன்னது பாதி சரி. வைரஸ் யாரை எவ்வளவு படுத்தும் என்பதில் பிறவிக்குப் பங்கு உண்டு. ஆனால் 'பலமான ரத்தம்', 'பலவீனமான ரத்தம்' என்று இரண்டு வகை கிடையாது. எந்த வைரஸ் என்பதைப் பொறுத்து அது மாறும்.

பிறவிக்குப் பங்கு உண்டு என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. 1988இல் வெளிவந்தது. பெற்ற தாயோ தகப்பனோ 50 வயதுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் தொற்றுநோயில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்தது. வளர்த்தவர்கள் தொற்றில் இறந்ததற்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஒரே வீட்டுச் சோறும் ஒரே வீட்டுக் காற்றும் அல்ல, பெற்றவர்கள் கொடுத்ததுதான் அங்கே பேசியிருக்கிறது.

அப்படி என்ன கொடுக்கிறார்கள்? முதலில் பார்க்க வேண்டியது எச்.எல்.ஏ. மரபணுக்கள். ஆறாவது குரோமோசோமில் கூட்டமாக இருப்பவை. மனித மரபணுக்களிலேயே ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபடுவது வேறு இல்லை. இதுவரை பட்டியலிட்ட வகைகள் 30,000ஐத் தாண்டிவிட்டன. செம்பனை ஆலை வாசலில் வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து காட்டச் சொல்லும் ஜாகாவை, அதாவது காவலாளியை, பார்த்திருப்பீர்கள். நம் உடம்பில் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் உள்ளே என்ன புரதம் தயாராகிறது என்று அதன் துண்டுகளை வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏந்திக் காட்டும் கை எச்.எல்.ஏ.; சோதிக்கிற ஜாகா டி-செல் என்ற ஒரு வகை வெள்ளணு. வைரஸின் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லையே அழித்துவிடும். எலிகளை வைத்து இதை 1970களில் கான்பெராவில் கண்டுபிடித்த பீட்டர் டோஹர்டிக்கும் ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் கிடைத்தது.

எல்லாக் கையும் எல்லாத் துண்டையும் பிடிக்காது என்பதுதான் விஷயமே. உங்கள் எச்.எல்.ஏ. வகை ஒரு வைரஸின் முக்கியமான துண்டை இறுகப் பிடித்துக் காட்டினால் டி-செல் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். வழுக்கி விட்டுவிட்டால் தாமதம்.

இப்போது அண்ணன் தம்பிக்கு வருவோம். அப்பாவிடம் இரண்டு எச்.எல்.ஏ. தொகுப்பு, அம்மாவிடம் இரண்டு. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றுதான் போகும். ஆகவே கூடப்பிறந்த இருவருக்கு இரண்டு தொகுப்பும் அப்படியே ஒத்துப்போக 25 சதவீத வாய்ப்பு, ஒன்று மட்டும் ஒத்துப்போக 50 சதவீதம், ஒன்றுமே ஒத்துப்போகாமல் இருக்க இன்னொரு 25 சதவீதம். கிட்னி கொடுக்க அண்ணன் தயாராக இருந்தும் 'மேட்ச் ஆகலை' என்று சொல்லிவிடுகிறார்களே, அதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். 'அம்மா வழி ரத்தம்' தம்பிக்கு வந்திருக்கலாம், ஆனால் அண்ணனுக்கும் அம்மா வழியில் பாதி வந்தே இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் வேறாக இருக்கலாம்.

நல்ல வகை எது, கெட்ட வகை எது என்று உடனே கேட்கத் தோன்றும். அங்கேதான் 'பலமான ரத்தம்' என்ற பேச்சு உடைகிறது. எச்.எல்.ஏ. பி27 இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றினால் நோய் மெதுவாக முற்றும்; கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸைத் தாமாகவே விரட்டுகிறவர்களும் அவர்களில் அதிகம். அதே பி27 முதுகெலும்பு இறுகிப்போகிற ஒரு வாத நோய் வரும் அபாயத்தையும் வெகுவாகக் கூட்டுகிறது. சி.சி.ஆர்.5 என்ற மரபணுவில் 32 டி.என்.ஏ. எழுத்து விட்டுப்போன ஒரு வகை உண்டு. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அது வந்தால் எச்.ஐ.வி.யின் பெரும்பாலான வகைகள் செல்லுக்குள் நுழையவே முடியாது. இது வட ஐரோப்பியரிடம் பரவலாக உண்டு, நம் பக்கம் மிக அரிது. கேட்டால் பொறாமையாக இருக்கும். ஆனால் வெஸ்ட் நைல் என்ற கொசு வைரஸ் அமெரிக்காவில் பரவியபோது, அந்த வகைக்காரர்களுக்குத்தான் நோய் வெளிப்பட்டு முற்றுவது கூடுதலாக இருந்தது என்று 2006இல் தெரியவந்தது.

கோவிட் சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும்: இந்தியர்களுக்கு நியண்டர்தால் (அழிந்துபோன ஒரு பழைய மனித இனம்) மரபணு, அதனால் ஆபத்து என்று. செய்தியின் அடிப்படை உண்மைதான். மூன்றாவது குரோமோசோமில் ஒரு பகுதி கோவிட் முற்றுவதோடு தொடர்புள்ளது. அது நியண்டர்தாலிடமிருந்து வந்தது என்று 2020இல் ஹ்யூகோ ஸெபெர்க், ஸ்வாந்தே பேபோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது, ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம், கிழக்காசியாவில் அனேகமாக இல்லை. புலனக் குழுவில் பகிர்ந்தவர்கள் விட்டுவிட்ட பின்கதை ஒன்று உண்டு: அதே பகுதியை வைத்திருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் 27 சதவீதம் குறைவு என்று 2022இல் அதே ஸெபெர்க் எழுதினார். தவிர, கோவிட்டில் வயதும் சர்க்கரையும் தடுப்பூசி போடாததும் செய்த சேதத்துக்குப் பக்கத்தில் இந்த மரபணு சின்னது. நம் ஆட்கள் வீட்டில் சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு நியண்டர்தாலைத் திட்டுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

சரி, டெங்கி. நம் நாட்டில் 2019இல் மட்டும் 130,000 பேருக்கு மேல் பதிவானார்கள், 182 பேர் இறந்தார்கள். டெங்கி அதிர்ச்சி நிலைக்குப் போன பிள்ளைகளின் மரபணுக்களை வியட்நாமில் பெரிய அளவில் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். இரண்டு இடங்கள் சிக்கின. ஒன்று எம்.ஐ.சி.பி., எச்.எல்.ஏ. கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது. தொற்றுக்கு ஆளான செல், வைரஸை அழிக்கும் வெள்ளணுக்களுக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்க உதவுவது. இன்னொன்று பி.எல்.சி.இ.1. ரத்தக்குழாயில் நீர் கசிவதோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள், டெங்கியில் ஆளைச் சாய்ப்பது அந்தக் கசிவுதானே. ஆனால் அளவைப் பாருங்கள். அபாயம் கூடும் எம்.ஐ.சி.பி. வகையின் ஒரு பிரதி இருந்தால், அதிர்ச்சி நிலைக்குப் போகும் வாய்ப்பு இருந்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். இரண்டு மடங்குகூட இல்லை. அதை வைத்து ஒரே வீட்டில் ஒருவர் ஐ.சி.யூ.வுக்கும் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கும் போனதை விளக்க முடியாது.

இதைவிடப் பெரிய காரணம், முன்பு எந்த டெங்கி வந்து போனது என்பது. டெங்கி வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு ஆயுசுக்கும் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்குச் சில மாதம் பாதுகாப்பு, அதற்கப்புறம் நிலைமை தலைகீழ். பழைய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) புது வகையில் போய் ஒட்டும், ஆனால் முடக்காது. ஒட்டியபடியே வெள்ளணுவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால்தான் இரண்டாவது தடவை வருகிற டெங்கி மோசமாகும் வாய்ப்பு கூடுதல். டெங்கி தொற்றுகிறவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்கு அறிகுறியே கணிசமாகத் தெரியாது. ஆக உங்கள் அண்ணனுக்குச் சின்ன வயதில் தெரியாமல் ஒரு தடவை வந்து போயிருக்கலாம், இந்தத் தடவை வந்தது இரண்டாவதாக இருக்கலாம். அவருடைய காம்போ டெஸ்ட் (டெங்கி வைரஸையும் எதிர்ப்பொருள்களையும் சேர்த்துப் பார்ப்பது) ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள்: காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களிலேயே ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் தடவைதான்.

கொசு தம்பியைக் கடிக்கவே இல்லாமலும் இருந்திருக்கலாம். இரட்டையர்களை வைத்துப் பார்த்ததில், ஏடிஸ் கொசுவுக்கு நம் உடல்வாடை பிடிக்கிறதா இல்லையா என்பதும் பெருமளவு பிறவியிலேயே வருகிறது என்று 2015இல் கண்டார்கள். வாடைதான், ரத்தத்தின் இனிப்பு இல்லை.

எந்த நிலையில் மரபணுவை உண்மையாகவே சந்தேகிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தவறவிடுகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு மரபணு பழுதானாலே ஒரு குறிப்பிட்ட வைரஸ் ஆளைச் சாய்த்துவிடுகிற அரிய நிலைகள் இருக்கின்றன. வைரஸ் நுழைந்ததை உணர உதவும் டி.எல்.ஆர்.3 மரபணு பழுதான பிள்ளைகளுக்கு, மற்றவர்களுக்கு உதட்டில் கொப்புளமாக வந்து போகிற ஹெர்பீஸ் வைரஸ், மூளைக்குப் போய்விடலாம். மற்ற பெரும்பாலான தொற்றுகளை அதே பிள்ளை சாதாரணமாகத் தாங்கும். கோவிட்டின்போது நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில் அண்ணன் தம்பிகளாக நான்கு இளைஞர்கள், முன்பு எந்தப் பெரிய நோயும் இல்லாதவர்கள், வென்டிலேட்டர் வரை போனார்கள், ஒருவர் இறந்தார். காரணம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள டி.எல்.ஆர்.7 என்ற அதே குடும்பத்து மரபணுவின் பழுது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் அம்மா கொடுத்தது பழுதென்றால் மாற்றுக்கு வேறில்லை. பாட்டியின் 'அம்மா வழி' இங்கே மட்டும் அப்படியே பொருந்தும்.

இன்னொன்றையும் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். தோட்டத்துக் காலத்தில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது சகஜம், என் வீட்டிலும் உண்டு. அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு, இருபக்கமும் பழுது வந்தால்தான் தெரியும் வகைக் குறைபாடுகள் வர வாய்ப்பு கூடுதல். எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்று இல்லை, பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் சொந்தத்தில் கட்டிய வீட்டில் ஒரு குழந்தை கைக்குழந்தையிலேயே தொற்றால் இறந்து, அடுத்ததும் திரும்பத் திரும்ப நிமோனியாவில் படுத்தால், திருஷ்டி சுற்றிப் போட்டாலும் போடுங்கள், குழந்தை டாக்டரிடம் இந்த உறவுமுறையை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காமலும் போகலாம்.

மற்றபடி, 'எனக்கு டெங்கி முற்றுமா' என்று சொல்லும் மரபணு டெஸ்ட் கிடையாது. எச்.எல்.ஏ. டெஸ்ட் நம் நாட்டில் செய்வது உறுப்பு மாற்றுக்கும், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பின் மாத்திரை தோலைக் கொப்புளிக்க வைக்குமா என்று பார்க்கவும், இப்படி வேறு சில தேவைகளுக்கும்தான். ஆன்லைனில் எச்சில் அனுப்பி 'இம்யூனிட்டி ஸ்கோர்' வாங்குகிறவர்கள் அந்தக் காசுக்கு வீட்டைச் சுற்றிக் கொசு வலை போடலாம்.

இனி தம்பி. அவருக்கு வராது என்று நம்ப முடியாது. அறிகுறி காட்டாமல் இந்தத் தடவையே வந்து போயிருக்கலாம். அப்படியானால் அவருக்கு அடுத்து வருவதுதான் இரண்டாவது. அடுத்த தடவை காய்ச்சல் அடித்தால் 'அவன் தாங்கிடுவான்' என்று பனடோலோடு நிறுத்தாமல் முதல் இரண்டு நாளிலேயே கிளினிக்குக் கூட்டிப்போய் என்.எஸ்.1 (டெங்கி வைரஸின் புரதத்தைத் தேடும் ரத்தச் சோதனை) எடுங்கள், பிந்தினால் அது பிடிபடாமல் போகலாம். காய்ச்சல் இறங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைத்தான் எங்கள் லேப்பில் நாங்கள் அதிகம் பயந்து பார்ப்போம். டெங்கியில் நீர் கசிவது அந்த நேரத்தில்தான். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், எழுந்தால் தலைசுற்றல், இதில் எது தெரிந்தாலும் அடுத்த ரத்தச் சோதனைத் தேதி வரை காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.