16 வயது மகன் ஓட்டிய பைக்: இன்சூரன்ஸ் காப்பாற்றுமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் என் 16 வயது மகன் தினமும் என் பைக்கில்தான் டியூஷன் போவான். போன மாதம் இரவு திரும்பும்போது, செல்போன் பேசியபடி ரோட்டைக் கடந்த 38 வயது நெசவாளி மேல் மோதிவிட்டான். அவருக்குக் கால் முறிவு. அங்கே தெருவிளக்கே இல்லை. எங்கள் தெருவில் எல்லாப் பையன்களும் ஓட்டுகிறார்கள். கேஸ் மட்டும் எங்கள் மேல். எஃப்.ஐ.ஆரில் வண்டி நம்பர் மட்டும்தான் இருக்கிறது. ஓட்டியது யார் என்று போலீஸ் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள என் தம்பி, தான் ஓட்டியதாகச் சொல்லத் தயார். இன்சூரன்ஸும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தெருவிளக்கும் மற்ற பையன்களும் இந்தக் கேஸில் உங்களுக்கு உதவ மாட்டார்கள். அவர் போன் பேசியபடி கடந்ததை நிரூபித்தால் இழப்பீட்டில் ஒரு பங்கு குறையலாம், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்தே வண்டி தினமும் பையன் கைக்குப் போயிருக்கிறது. சட்டம் பார்ப்பது அதை மட்டும்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் குற்றவாளி நீங்கள்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. மகனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் தப்பலாம். தினமும் டியூஷனுக்குப் போனதைத் தெருவே பார்த்திருக்கும்போது அந்த வாதம் நிற்காது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குடும்பப் பாசத்தில் இப்படி ஆள் மாற்றி, ஒரு கேஸை மூன்று கேஸாக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுந்ததில் மகனுக்கும் அடிபட்டிருந்தால், ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் அவன் பெயர் ஏறியிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள் முதலில் வாங்குவது அந்த நகலைத்தான். அப்புறம் கடைத்தெரு சிசிடிவி, டியூஷன் வருகைப் பதிவு. தம்பி கூண்டேறிப் பொய் சொன்னால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 229ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற நிம்மதிதான் இதைவிட ஆபத்தானது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, இழப்பீட்டை முடிவுசெய்த அதே மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு (தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு) போட்டு உங்களிடம் வசூலிக்கும். தனி வழக்குகூட வேண்டாம். சாவியைச் சிறுவன் தானே எடுத்தான் என்று சொன்ன உரிமையாளரிடமே வசூலிக்கலாம் என்று 2011ல் ஜவாஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று எம்.சி.ஓ.பி. (அடிபட்டவர் போடும் இழப்பீட்டு மனு) நோட்டீஸை அலமாரியில் போட்டுவிட்டு, ஜப்தி வந்த பிறகு என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. அப்போது நான் செய்ய அதிகம் இருக்காது.

தொகையைப் பாருங்கள். மாதம் 12,000 வருமானம் என்று வையுங்கள். சொந்தத் தொழில், 40 வயதுக்குள் என்பதால், வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூடும். ஆண்டு வருமானத்தைப் பெருக்க, அவர் வயதுக்கான எண் 15. ஊனம் 30 சதவீதம் என்றால் 9 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆஸ்பத்திரி பில்லும் வட்டியும் தனி. குழித்தறியில் மிதிக்கிற கால் அது. மெடிக்கல் போர்டு ஊன சதவீதத்தைக் குறைவாகக் கொடுத்தாலும், தொழில் போனதை வைத்து நீதிபதி கூட்டிப் போடலாம், அது நியாயமும்கூட.

சமாதானமாகப் போங்கள். ஆனால் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுக்காதீர்கள், நாளை அவர் வழக்குப் போட அது தடையாகாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் லோக் அதாலத்துக்கு (சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றம்) கொண்டுபோங்கள். கம்பெனியையும் உட்காரவைத்து, அவர்கள் தருவதை உங்களிடம் வசூலிப்பார்களா, எத்தனை தவணையில் என்பதையும் அங்கேயே எழுத்தில் வாங்குங்கள். அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. 199ஏ வழக்கு இதனால் போகாது. இழப்பீடு கொடுத்ததைத் தண்டனை பற்றிய வாதத்தில் சொல்லலாம்.

போலீஸ் நோட்டீஸுக்கு மகன் பெயரையே எழுதிக் கொடுங்கள். அவன் விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும். அதற்கு முன், அடிபட்டவரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.