டிராயிங் மாஸ்டர் பதில்கள்: சூப்பு, கரப்பான், ஆமை

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே லத்தீனோ கார்ட்டூன்காரர்களைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் வாட்டர் கலர் கேள்விகள் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். மகனுக்கு எந்த பிரஷ் வாங்குவது என்று கேட்ட திங்கள்சந்தை வாசகி பொறுத்துக்கொள்ளவும். (ஆறாம் நம்பர், உருண்டை பிரஷ். அது ஒன்று போதும்.)

ச.அ., குறும்பனை: சாரே, நாங்களும் லத்தீன் ஆட்கள்தான். நீங்கள் சொல்லும் லத்தீனோ நம்ம சொந்தமா?

குமரி மாவட்டத்தில் இந்த மயக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம். இங்கே லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரை, சீரோ மலபார் என்பதெல்லாம் பூசை முறையை வைத்து வந்த பெயர்கள். அங்கே லத்தீனோ என்றால் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா போன்ற இடங்களில் வேர் உள்ளவர்கள். அமெரிக்காவில் குடியேறியவர்களையும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் சேர்த்துச் சொல்வார்கள். கல்யாணம் பேசுகிற அளவுக்குச் சொந்தம் கிடையாது.

ஆனால் நவம்பர் 2 இரண்டு பேருக்கும் பொது. நாம் கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாகப் போகிறோம். மெக்சிகோக்காரர்களும் போகிறார்கள். அதோடு அங்கே இன்னொரு வேலையும் நடக்கும். உயிரோடு இருக்கும் மந்திரியையும் பணக்காரரையும் செத்துப்போனதாக வைத்து நையாண்டிப் பாட்டு எழுதி, எலும்புக்கூடாக வரைந்து அச்சடித்து விற்பார்கள். இதில் பெரிய கை ஹோசே குவாடலூப்பே போசாதா. 1852இல் பிறந்தவர். மெக்சிகோ நகரத்தில் வனேகாஸ் அரோயோ என்பவரின் அச்சகத்துக்காக, சில்லறைக் காசுக்கு விற்கும் ஒற்றைத் தாள்களுக்குப் படம் செதுக்கிக் கொடுத்தவர். பூவும் இறகும் வைத்த பிரெஞ்சு தொப்பி போட்ட பெண் எலும்புக்கூடு ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள், டீ ஷர்ட்டில் எல்லாம் வருகிறதே, அது இவருடையதுதான். இப்போது அதை ஏதோ மரண தேவதை மாதிரி கும்பிடுகிறார்கள். அவர் வரைந்தது வெறும் கிண்டல். கொண்டைக்கடலை விற்கிற பெண் தன் நிறத்தையும் பிறப்பையும் மறைத்து ஐரோப்பிய சீமாட்டி வேஷம் போடுகிறாள் என்கிற கிண்டல். நம்மூர் மே மாத வெயிலில் கோட்டு சூட்டோடு பந்தியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைக்கிற மாப்பிள்ளைத் தோழனை நினைத்துக்கொள்ளுங்கள்.

1913இல் ஏழையாகவே செத்தார் போசாதா. அடக்கம் பண்ணியதும் ஏழைகளுக்கான குழியில்தான்.

ப.ரா., தக்கலை: உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமா? தெரியாமல் எப்படிப் படித்தீர்கள்?

தெரியாது. குளச்சலில் ஒரு நண்பர், கப்பலில் சமையல் வேலை. ஒருமுறை புவேனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் இறங்கியபோது எனக்காக மூன்று படக்கதைப் புத்தகம் வாங்கி வந்தார். 'நீ படம் போடுகிறவன்தானே, படத்தைப் பாரு' என்றார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், பல வருஷம். கறுப்பு முடியைப் பரத்திப் போட்ட ஒரு சின்னப் பெண். வாரத்துக்கு ஒருமுறையாவது அவள் முன்னால் ஒரு கிண்ணம் வருகிறது. கிண்ணத்தைக் கண்டதும் அவள் முகம் சுருங்குகிறது. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

என் சித்தி மகள் கன்னியாஸ்திரி. பொலிவியாவில் பதினாறு வருஷம் மிஷன் வேலை பார்த்தவள். லீவுக்கு வந்தபோது அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கையில் கட்டன் சாயாவும் மறு கையில் புத்தகமுமாக எனக்கு வாசித்துச் சொன்னாள். சிரித்ததில் சாயா உடுப்பில் சிந்தியது. 'அண்ணே, இது சூப்பு இல்லே, பட்டாளமாக்கும்' என்றாள்.

அந்தப் பெண் பெயர் மஃபால்டா. வரைந்தவர் கீனோ, அர்ஜென்டினாவின் மென்டோசாக்காரர். முதலில் வீட்டுச் சாமான் விளம்பரத்துக்காகப் போட்ட குடும்பம். விளம்பரம் ஓடவில்லை, படம் பெட்டியில் கிடந்தது. 1964 செப்டம்பர் 29இல் பத்திரிகையில் வர ஆரம்பித்து 1973 ஜூனில் நின்றது. நிறுத்தியது அவரேதான். நடுவில் 1966இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 'உன் நல்லதுக்குத்தானே ஊட்டுகிறேன், குடி' என்று தினமும் தொண்டையில் இறக்கப்படுகிற சூப்பு எது என்று அந்த ஊர்க்காரனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தணிக்கைக்காரன் என்ன செய்வான்? ஒரு குழந்தைக்குச் சூப்பு பிடிக்காதது குற்றமா? நமக்கு வேப்பெண்ணெய்க் கஷாயம் என்று வைத்தால் அந்த முகச்சுளிப்பு அப்படியே பொருந்தும்.

ஒரு படத்தில் மஃபால்டா போலீஸ்காரர் இடுப்பில் தொங்கும் தடியைத் தொட்டுக் காட்டி, 'இதுதான் கொள்கைகளை நசுக்குகிற குச்சி' என்று கூட்டாளிகளிடம் சொல்கிறாள். இன்னொன்றில் பூமி உருண்டையைக் கட்டிலில் படுக்க வைக்கிறாள். உலகத்துக்கு உடம்பு சரியில்லையாம். அவள் தோழிகளில் ஆகக் குட்டையானவள் பெயர் லிபர்டாட். சுதந்திரம் என்று அர்த்தம். பார்க்கிறவர்கள் எல்லாம் 'இத்துனூண்டா!' என்பார்கள். மஃபால்டா வளர்க்கும் ஆமையின் பெயர் புரோக்ராசியா, அதாவது அரசு அலுவலக நிர்வாகம். ஏன் ஆமை என்று சொல்ல வேண்டாம்.

கீனோ 2020 செப்டம்பர் 30இல் காலமானார். மஃபால்டா முதன்முதல் வந்த நாளுக்கு மறுநாள்.

வாசகி, அருமனை: அந்தக் காமிக்ஸில் நம்ம ஆள் யாராவது உண்டா?

உண்டு, சிரிக்கக் கூடாது. மெக்சிகோவில் 1963இல் ரேடியோ நாடகமாக ஆரம்பித்து 1965இல் புத்தகமாக வந்த கதாநாயகன் கலிமான். வெள்ளை உடுப்பு, தலைப்பாகை, மனோவசியம். காளி தேவியின் பரம்பரையாம்! 'நிதானம், பொறுமை, ரொம்பப் பொறுமை' என்று கூட வரும் பையனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். முண்டப்பன் கோயில் கொடையில் அவரைக் கொண்டுவிட்டால் ஒரு மணி நேரம் தாங்கமாட்டார்.

ம.ஜோ., மார்த்தாண்டம்: நாலு கோடு கிழித்தால் எது மாறப்போகிறது? வயித்தெரிச்சலைத் தீர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே?

பல சமயம் அவ்வளவுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2013இல் நடந்ததைக் கேளுங்கள். டிஸ்னி கம்பெனி ஒரு படம் எடுக்கப் போகிறது, மெக்சிகோக்காரர்களின் கல்லறைத் திருநாளைப் பற்றி. அந்தத் திருநாளின் பெயருக்கே வியாபார உரிமை கேட்டு மனுப் போட்டது. ஓணம் என்கிற சொல்லை ஒரு ஜவுளிக்கடை பதிவு பண்ணினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

கலிஃபோர்னியாவில் லாலோ அல்காராஸ் என்றொரு கார்ட்டூனிஸ்ட். மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளை. 2002 முதல் நாளிதழ்களில் 'லா குக்கராச்சா' என்ற தொடர் வரைகிறவர். குக்கராச்சா என்றால் கரப்பான். எங்களை நீங்கள் கரப்பானாகத்தானே பார்க்கிறீர்கள், சரி, கரப்பானே பேசட்டும் என்று ஒரு கரப்பானைக் கதாநாயகனாக்கியவர். அவர் ஒரு சுவரொட்டி வரைந்தார். நகரத்தை மிதித்துக்கொண்டு வருகிற ராட்சத எலியின் எலும்புக்கூடு. காதைப் பார்த்தாலே எந்த எலி என்று தெரிந்துவிடும். 'உன் பண்பாட்டைப் பதிவு பண்ண வருகிறது' என்று கீழே ஒரு வரி. மக்களும் கொதித்தார்கள். கம்பெனி மனுவை வாபஸ் வாங்கியது.

அதோடு முடியவில்லை. அதே கம்பெனி அந்தப் படத்துக்கு ஆலோசனை சொல்ல அவரையே கூப்பிட்டது. அவரும் போனார். 2017இல் வந்த 'கோகோ' அதுதான். விலைபோய்விட்டான் என்று சொந்த ஆட்களே திட்டினார்கள். என்னைக் கேட்டால், போனதில் தப்பில்லை. வெளியே நின்று கல் எறிந்தவனை உள்ளே கூப்பிட்டு 'சுவர் எங்கே விரிசல், சொல்லு' என்றால் சொல்ல வேண்டியதுதான். கல்லைக் கீழே போடாமல் போனால் சரி. அவர் போடவில்லை. 2020இலும் 2021இலும் புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்று வரை வந்தார்.

பெயர் வேண்டாம், வடசேரி: கார்ட்டூன் என்ற பெயரில் யாரை வேண்டுமானாலும் கேலி பண்ணலாமா?

இதற்கு நான் பதில் சொல்ல யோக்கியன் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கேலிச்சித்திரம் போட்டேன். தலையில் கடவம், பிதுங்கிய கண், கிழிந்த வாய், ஏலம் கூவுகிற மீன்காரி. வாத்தியார்மார் எல்லாம் சிரித்தார்கள், தலைமையாசிரியர் முதுகில் தட்டினார். என் வகுப்பில் நன்றாக வரைகிற பெண் ஒருத்தி அடுத்த வாரத்தில் இருந்து டிராயிங் பீரியடில் நோட்டைத் திறக்கவில்லை. கேட்டால், 'நோட்டு கொண்டு வரல சார்.' தினமும் அதே பதில். அவள் அம்மா கடியப்பட்டணத்தில் இருந்து கடவம் சுமந்து வந்து விற்கிறவர் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்தியார் மாணவியிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அப்போது கிடையாது. இப்போதும் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை.

மெக்சிகோவிலும் இதே வழக்கு வந்தது. மெமின் பிங்குவின் என்ற கறுப்பினச் சிறுவன், தடித்த உதடும் குரங்குச் சாடையுமாக 1940களில் பிறந்த பாத்திரம். ஊரே பாசத்தோடு படித்தது. 2005இல் அரசு அவனைத் தபால்தலையில் போட்டது. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்கள் கொதித்தார்கள். 'அவன் எங்கள் செல்லப் பிள்ளை, உங்களுக்குப் புரியாது' என்றது மெக்சிகோ. செல்லம்தான், சந்தேகமில்லை. என் மீன்காரியையும் எல்லோரும் ரசித்தார்களே.

கஸ் அரியோலா என்று ஒருவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மெக்சிகோ வம்சாவளி, அமெரிக்காவில் பிறந்தவர். 1941இல் 'கோர்டோ' என்ற தொடரைத் தொடங்கினார். ஆரம்பத்தில் கதாநாயகன் ஒரு சோம்பேறி விவசாயி, கொச்சை ஆங்கிலம், வழக்கமான கிண்டல். அமெரிக்க வாசகருக்கு மெக்சிகோவைக் காட்டுகிற ஜன்னலே இந்தத் தொடர்தான் என்று அவருக்குப் போகப்போகப் புரிந்தது. கொச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைந்தார். கோர்டோவைச் சுற்றுலா வழிகாட்டி ஆக்கினார். 1985 வரை வரைந்தார். ஒரு பாத்திரத்தைத் திருத்த அவருக்கு அத்தனை வருஷமும் அத்தனை தாளும் தேவைப்பட்டன.

த.சே., நாகர்கோவில்: கலைவாணர் ஊரில் இருந்து கேட்கிறேன். சிரிக்க வைத்ததற்கு அங்கே தண்டனை உண்டா?

எங்கேதான் இல்லை? நம்மிடமே உண்டு. 1987இல் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் பற்றிய அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள்.

ஈக்வடார் நாட்டில் 'போனில்' என்கிற கார்ட்டூனிஸ்ட்டின் கதை இன்னும் ருசி. அரசை விமர்சித்த ஒருவர் வீட்டில் போலீஸ் கதவை உடைத்துச் சோதனை போட்டதை 2013 டிசம்பரில் வரைந்தார். பத்திரிகைக்கு அபராதம். அவருக்கு, 'கார்ட்டூனைத் திருத்தி வெளியிடு' என்று உத்தரவு. திருத்தினார். புதுப் படத்தில் போலீஸ்காரர்கள் ரொம்ப மரியாதையாக வருகிறார்கள், வீட்டுக்காரர் வாங்க வாங்க என்று உள்ளே அழைக்கிறார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாயிற்று. ஊர் முன்னைவிட அதிகமாகச் சிரித்தது.

ஜெ., தூத்தூர்: ஓக்கி மாதிரி ஒரு புயலைக் காமிக்ஸில் யாராவது தொட்டிருக்கிறார்களா?

தொட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஓக்கி 2017 நவம்பர் 30. புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கு மரியா, அதே வருஷம் செப்டம்பர் 20. முந்தைய வருஷம்தான் நியூயார்க்கில் எட்கார்டோ மிராண்டா ரோட்ரிகஸ் என்பவர் 'லா போரின்கென்யா' என்ற வீரப்பெண்ணை உருவாக்கியிருந்தார். புரூக்ளினைச் சேர்ந்த புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளி மாணவிக்குத் தீவின் சக்தி வருகிற கதை. புயலுக்குப் பிறகு 2018இல் பல ஓவியர்களைச் சேர்த்து ஒரு தொகுப்புப் புத்தகம் போட்டார். சூப்பர்மேன் வகையறாக்களும் அதில் அவளோடு வந்தார்கள். விற்ற பணம் தீவுக்குப் போனது.

அந்தத் தீவில் செத்தவர்கள் 64 பேர் என்று அரசு மாதக்கணக்காகச் சொன்னது. 2018 ஆகஸ்டில் 2,975 என்று ஏற்றுக்கொண்டது. கரையில் எண்ணுவதும் தாளில் எழுதுவதும் ஒத்துப்போகாத சங்கதி தூத்தூருக்குத் தெரியாததல்ல. நானும் அப்போது ஒரு படம் போட முயன்றேன். அலையை வரைந்தேன், பொய்யாக இருந்தது. அப்புறம் ஒரு மேசை, மேலே ஒரு ரெஜிஸ்டர், பெயர் எழுதுகிற கட்டம் மட்டும் மிகச் சிறியது, பேனாவைப் பிடித்தபடி ஒரு கை. அது பரவாயில்லை. எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை.

கல்லூரி மாணவி, சுங்கான்கடை: எனக்கும் அரசியல் கார்ட்டூன் வரைய ஆசை. எங்கே ஆரம்பிக்க?

கையை வரையப் பழகு பிள்ளே. முகம் பொய் சொல்லும். கை சொல்லாது.

வி.கு., குலசேகரம்: உங்களுக்கு ஆகப் பிடித்த பாத்திரம் எது?

ஆமைதான். போன வருஷம் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். ஏழாவது தடவை காத்திருக்கிறபோது டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் ஓர் ஆமையை வரைந்து, ஓட்டின் மேல் சின்னதாக ஒரு மேசை, நாற்காலி, ஃபேன் எல்லாம் போட்டேன். ஃபேன் சுற்றாதது தெரியும்படி ஒட்டடையும் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நான் எழுந்து போகத் தயாரானேன். அவர் சிரித்துவிட்டு, 'சாரே, இதை நான் வச்சுக்கிடட்டா?' என்று கேட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

எட்டாவது தடவை போனபோதும் அங்கேயே இருந்தது. சான்றிதழ் இன்னும் வரவில்லை.