ஒல்லியாக இருந்தால் இதயத்துக்குப் பயமில்லையா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. பினாங்கு, பிறையில் தொழிற்சாலை வேலை. உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ., பிரஷர் 136/88, வெறும் வயிற்றில் சர்க்கரை 6.3, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 2.4, நல்ல கொழுப்பு 1.1 (இவை மூன்றும் மி.மோல்/லிட்டர் கணக்கில்) என்று வந்தது. டாக்டர் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்கிறார். இவரோ, "குண்டாக இருப்பவர்களுக்குத்தான் ஹார்ட் அட்டாக் வரும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறேனே!" என்கிறார். 86 கிலோ எடையுள்ள என் நாத்தனாருக்கு எல்லா அளவும் சரியாக இருக்கிறதாம். நான் யாருக்காகப் பயப்படுவது?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் கணவருக்காகத்தான், தங்கச்சி. இதயநோய் வார்டில் தாதியாக இருந்த காலத்தில் அவரைப் போன்றவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். கையும் காலும் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். "இவருக்கு எப்படி சிஸ்டர், குண்டுகூட இல்லையே?" என்று வீட்டார் கலங்கிப்போய்க் கேட்பார்கள்.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் தனியாக ஒரு நோயல்ல. ஐந்து அளவுகளில் மூன்று கெட்டால் அந்தப் பெயர். ஆசிய ஆண்களுக்கு வயிறு 90 செ.மீ. (பெண்களுக்கு 80), பிரஷர் 130/85, சர்க்கரை 5.6, டிரைகிளிசரைடு 1.7, இவற்றைத் தொட்டாலே கணக்கில் சேரும். நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 1.0க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் கணவருக்கு அது ஒன்றுதான் மயிரிழையில் தப்பியிருக்கிறது. 87 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வந்த அலசலில், இந்தச் சிக்கல் உள்ளவர்கள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 2.4 மடங்கு என்று தெரிந்தது.

அவருடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 22.7. ஆசியர்களுக்கான 23 என்ற எல்லைக்குள்தான் இருக்கிறது, அதனால்தான் அவருக்கு அவ்வளவு தைரியம். ஆனால் நம் இந்திய உடல்வாகில் எடை கூடாமலேயே குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடும். அது கொழுப்பு அமிலத்தை ஈரலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஈரல் அதை டிரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் விடும். இன்சுலினுக்கும் சரியாகக் கட்டுப்படாது, சர்க்கரை ஏறும். தசை குறைவு என்பதால் எடை மட்டும் சரியாகவே காட்டும்.

பேண்ட் சைஸை நம்பாதீர்கள். நம் ஆண்கள் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவதால் அது பல வருடம் மாறாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே தையல் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டதும் அளவெடுங்கள். வயிற்றை எக்க விடாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. வேலை முடிந்து மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் என்று பழக்கமிருந்தால் அங்கேதான் கைவைக்க வேண்டும். 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்றால் கெட்டிப்பால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்கட்டும். நாசி கண்டாரில் சோற்றைப் பாதியாக்கி, எல்லாக் குழம்பையும் ஊற்ற விடாமல், வெண்டைக்காயும் மீனும் வாங்கலாம். பீர் குடிப்பவர் என்றால் டிரைகிளிசரைடு இறங்குவது கடினம். சிகரெட் இருந்தால் முதலில் அதை விட வேண்டும்.

தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறுவது நல்ல விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் ஏறினால் சர்க்கரை இறங்காது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும். நடக்கும்போதோ சும்மா இருக்கும்போதோ நெஞ்சை அழுத்தி, வேர்த்துக் கொட்டினால், காற்றுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.

நாத்தனாரையும் விட்டுவிடாதீர்கள். எடை கூடியிருந்தும் அளவுகள் சரியாக இருப்பவர்களில் பலருக்கு, சில வருடங்களில் அவையும் கெடுகின்றன. அவர் வருடம் ஒரு முறை ரத்தம் பரிசோதிக்கட்டும். உங்கள் கணவருக்கு மூன்று மாதத்தில் மறுபரிசோதனை வேண்டும். அரசாங்க கிளினிக்கிலேயே செய்யலாம். டாக்டர் மாத்திரை எழுதினால், "ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்று அவர் தள்ளிப்போட விடாதீர்கள்.