மருத்துவம் படித்தால் விண்வெளிக்குப் போக முடியாதா?

அம்மா, எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் விண்வெளிக் கனவை மூட்டை கட்டிவிட வேண்டுமா என்று மகள் கலங்குவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். ஜப்பானின் சியாக்கி முக்காயைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்த இதய அறுவை மருத்துவர். 1985-இல் விண்வெளி வீராங்கனையாகத் தேர்வானார்; மறு ஆண்டே அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதற, பயணம் தள்ளிக்கொண்டே போனது. அசராமல் காத்திருந்தார். 1994 ஜூலையில் கொலம்பியா விண்ணோடத்தில் கிளம்பியபோது வயது 42. விண்வெளிக்குப் போன முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். அந்தப் பயணத்தில் ஆய்வுக்காகக் கொண்டுபோன மெடாக்கா என்ற சின்ன மீன்கள் எடையின்மையிலேயே இணைசேர்ந்து முட்டையிட்டன, குஞ்சும் பொரித்தன! அப்புறம் 1998-இல், அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் 77 வயதில் பறந்த அதே டிஸ்கவரி விண்ணோடத்தில் மறுபடியும் போனார். சரி, மகள் தைரியமாகச் சேரட்டும். உடலியங்கியலை மட்டும் ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள்.