அமெரிக்காவில் நடப்பதற்குக் கனடா முற்போக்காளர்கள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்?

"அது அடுத்த நாட்டுச் சமாச்சாரம், இவர்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கருக்கலைப்பு விவகாரத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கி 1973-இல் வந்த ரோ எதிர் வேட் தீர்ப்பைத் தூக்கிப்போட்டது. உடனே கனடாவில், 'நம் நிலைமை என்ன?' என்ற கேள்வி எழுந்தது. அங்கே கருக்கலைப்பைக் கட்டுப்படுத்திய குற்றவியல் பிரிவை 1988-இல் மோர்கென்டாலர் என்ற மருத்துவரின் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1991-இல் புதிய கட்டுப்பாட்டு மசோதா ஒன்று மேலவையான செனட்டில் 43-க்கு 43 என்று சமமாகித் தோற்றது. மயிரிழையில்தான்! அதன்பின் அதைக் குற்றமாக்கும் சட்டம் கிடையாது. ஆனால் மருத்துவச் சேவை மாகாணங்களின் கையில் இருக்கிறது. பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்ற மாகாணத்தில் பல்லாண்டுகளாக அந்தச் சேவையே இல்லை, 2017-இல்தான் வந்தது. உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது என்ற பயம் அங்கிருந்துதான் வருகிறது.

கூடவே கொஞ்சம் பெருமிதமும் உண்டு, என் பார்வையில் சற்றுத் தூக்கலாகவே. ஒருபாலினத் திருமணத்தை 2005-லேயே நாடு முழுக்க அனுமதித்தோம், அமெரிக்கா 2015-இல்தான் வந்தது என்பார்கள். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகள் 1990-கள் வரை நடந்தது மட்டும் அப்போது நினைவுக்கு வராது.