வெறும் பாலைவனத்துக்கு எதற்கு இவ்வளவு நுணுக்கமான நிலவரைபடம்?

ராணுவப் பயிற்சி நடக்கும் பாலைவனத்தில் வரைபடத்தில் காட்ட என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கத்தான் அது தட்டை. 1:50,000 வரைபடத்தில் (1 செ.மீ. என்றால் தரையில் 500 மீட்டர்) சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகப் போட்டால், 3 மீட்டர் ஆழமுள்ள வறண்ட ஓடை அந்தக் கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். அந்த ஓடைக்குள் ஒரு டாங்கி முழுசாக மறைந்து நிற்கலாம். இரவில் விளக்கில்லாமல் வரும் வண்டி அதே ஓடையின் கரையிலிருந்து குப்புற விழவும் செய்யலாம். அதனால்தான் தட்டையான இடங்களில் இடையே துணைக் கோடுகள் சேர்க்கிறார்கள்.

அளப்பதும் லேசில்லை. வான்படங்களை ஜோடி ஜோடியாகப் பொருத்தி உயரம் கணக்கிட, இரண்டு படத்திலும் அடையாளம் தெரிகிற புள்ளிகள் வேண்டும். மழமழவென்ற மணலில் அதற்கு எங்கே போவது? லேசர் துடிப்பு திரும்பி வரும் நேரத்தை வைத்து அளக்கும் லைடார் இங்கே தேவலை. சரி, அளந்தாயிற்று, பிறை வடிவ மணல்மேடுகளோ காற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை நம்பி வழி சொல்ல முடியாது. பாறை முகடுகள்தான் கதி.

இன்னொன்று, வறண்ட ஏரிப் படுகை. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் பயிற்சிக் களத்தில் பைசிக்கிள் ஏரி என்ற அப்படியொரு படுகையை விமான ஓடுதளமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். காய்ந்தால் இந்தப் படுகைகள் அவ்வளவு கெட்டி, மழை பெய்தால் சேறு. உயரக் கோடுகள் இதைச் சொல்லாது என்பதால் மண்ணின் தன்மையைத் தனி அடுக்காகக் குறிப்பது நல்லது.

அப்புறம் வண்டித் தடங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் புதிதாக முளைப்பதால், வரைபடத்தில் அடிக்கடி பழசாகிப்போவது அவைதான்.